அந்தரத்துல போற பைக்கும் 24 மாச இ.எம்.ஐ.யும்

கிரெடிட் கார்டு இ.எம்.ஐ. பத்தி போன மாசம் போட்ட வீடியோவைப் பார்த்துட்டு, திருச்செங்கோடு பக்கத்துல இருந்து ஒரு தம்பி மெயில் போட்டிருந்தார். வயசு 26. ஒரு கம்பெனியில அக்கவுண்ட்ஸ் வேலை, கைக்கு வர்ற சம்பளம் 31,000. மண் டிராக்ல பைக் பறக்கிற மோட்டோகிராஸ், சூப்பர்கிராஸ் போட்டின்னா உயிர். கோவையோ பெங்களூரோ, எங்க நடந்தாலும் கேமராவைத் தூக்கிட்டு பஸ் ஏறிடுவார். கேமரா ஒரு பழைய டி.எஸ்.எல்.ஆர்., லென்ஸ் சாதாரண 70-300. அவரோட கேள்வி இதுதான்: "அண்ணா, பத்து போட்டோவுல எட்டு ஃபோகஸ் இல்லாம போயிடுது. புது மிரர்லெஸ் வாங்கினா ஆட்டோஃபோகஸ் பிரச்சினை தீரும்னு எல்லா ரிவியூலயும் சொல்றாங்க. லென்ஸோட சேர்த்து 1,80,000. 24 மாசம் இ.எம்.ஐ. போடலாமா?"

மெயிலோட 40 போட்டோ அனுப்பியிருந்தார். அதை அனுப்பினதுக்கு அவருக்கு ஒரு நன்றி சொல்லணும். ஏன்னா நான் பொதுவா "ஆசைக்குக் கடன் வாங்காதீங்க"ன்னு ரெண்டு வரி எழுதி முடிச்சிருப்பேன். போட்டோவை ஒவ்வொண்ணா பெருசு பண்ணிப் பார்த்ததுக்கு அப்புறம், கேள்வியே வேறன்னு புரிஞ்சது. பணம் இருக்கா இல்லையாங்கறது ரெண்டாவது விஷயம். அவர் எதுக்குப் பணம் கொடுக்கப் போறாரோ, அந்தத் தப்பைக் கேமரா செஞ்சிருக்கான்னு முதல்ல பார்க்கணும்.

முக்கால்வாசி போட்டோவுல தப்பு கேமராவோடது இல்ல.

சில படத்துல பைக் மட்டும் மங்கல், பின்னாடி இருக்கிற தடுப்புக் கம்பி கண்ணாடி மாதிரி தெளிவு. அதாவது ஃபோகஸ் புள்ளி பைக் மேல இல்லாம கம்பி மேல உக்காந்திருக்கு. சில படத்துல முன்னாடி போன வண்டி கிளப்பின புழுதி மேல ஃபோகஸ் நிக்குது. இன்னும் சில படத்துல ஃபோகஸ் சரியாத்தான் இருக்கு, ஆனா ஷட்டர் 1/250. நேரா எதிர்ல வர்ற வண்டியை 1/250-ல எடுத்தா ஹேண்டில்பார் இழுத்துக்கிட்டுதான் போகும். அதை அவர் "ஃபோகஸ் போச்சு"ன்னு நினைச்சிருக்கார். உண்மையிலேயே கேமராவால முடியாம போனதுன்னு நான் ஒத்துக்கற படம் ஒரு ஏழெட்டு தேறும். அந்த ஏழெட்டுக்காக 1,80,000.

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். இந்த சேனலுக்கு வர்றவங்க கணக்குக்குப் பயப்படமாட்டீங்க.

மணிக்கு 60 கிலோமீட்டர்ல வர்ற பைக் ஒரு விநாடியில ஏறக்குறைய 16.7 மீட்டர் போகும். நீங்க பட்டனை அழுத்துற நேரத்துக்கும் பழைய டி.எஸ்.எல்.ஆர். கண்ணாடி மேல ஏறி ஷட்டர் திறக்கிற நேரத்துக்கும் நடுவுல 0.05 விநாடி ஆகுதுன்னு வெச்சுக்கலாம். அதுக்குள்ள வண்டி 80 சென்டிமீட்டருக்கு மேல நகர்ந்துடும். 200 எம்.எம். லென்ஸ், எஃப் 2.8, 15 மீட்டர் தூரம், ஏ.பி.எஸ்.சி. சென்சார்னு எடுத்துக்கிட்டா தெளிவா விழற ஆழம் மொத்தமே 60 சென்டிமீட்டர் பக்கம்தான். அப்போ பட்டனை அழுத்தும்போது சரியா இருந்த ஃபோகஸ், படம் விழும்போது தப்பாயிடும். இதுக்குத்தான் கேமராவுல கணிக்கிற ஆட்டோஃபோகஸ் இருக்கு. வண்டியோட தூரத்தை அடுத்தடுத்து அளந்து, "இந்த வேகத்துல வந்தா அடுத்த நொடிப்பொழுதுல இங்க இருக்கும்"னு கணக்குப் போட்டு லென்ஸை முன்கூட்டியே அங்க கொண்டுபோய் நிறுத்தும். கேனன்ல ஏ.ஐ. சர்வோ, நிக்கான்லயும் சோனிலயும் ஏ.எஃப்-சி. பேரு வேற, வேலை ஒண்ணு.

கணிக்கணும்னா அதுக்கு முந்தின அளவு வேணும். மோட்டோகிராஸ்ல எல்லாரும் எடுக்க ஆசைப்படற படம் எது? மண்மேட்டுக்குப் பின்னாடி இருந்து வண்டி திடீர்னு அந்தரத்துல எழும்பற படம். மேட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கும்போது வண்டி கேமரா கண்ணுக்கே தெரியாது. தெரியாததை எப்படி அளக்கும்? மேட்டு விளிம்புல வண்டி தலை காட்டினதும், கண்டுபிடிச்சு, அளந்து, கணிச்சு, லென்ஸைத் திருப்பறதுக்குள்ள அந்த ஜம்ப்போட அழகே முடிஞ்சிருக்கும். புது மிரர்லெஸ் கேமராக்கள் இதை வேகமா செய்யுது, மறுக்கல. பைக், ஹெல்மெட் எல்லாத்தையும் அடையாளம் கண்டு பிடிக்கிற மாடல்கூட வந்துடுச்சு. ஆனா இந்தக் குறிப்பிட்ட படத்துக்கு ஆட்டோஃபோகஸே தேவையில்ல.

ஏன்னா வண்டி எங்க எழும்பும்னு உங்களுக்கு முன்னாடியே தெரியும். டிராக் மாறாது. ஒவ்வொரு சுத்துலயும் அதே மேடு, அதே விளிம்பு, ஏறக்குறைய அதே கோடு. முதல் ரெண்டு சுத்து கேமராவைத் தொடாம பாருங்க. எந்த இடத்துல சக்கரம் மண்ணை விடுதுன்னு மனசுல குறிச்சுக்கங்க. அந்த விளிம்புல இருக்கிற மண்ணுக்கே ஃபோகஸ் வெச்சு, லென்ஸை மேனுவலுக்கு மாத்திடுங்க. எஃப் 8 வெச்சா அதே 15 மீட்டர்ல தெளிவான ஆழம் 1.7 மீட்டர் கிடைக்கும். 60 கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி அந்த 1.7 மீட்டரைக் கடக்க 0.1 விநாடி ஆகும். விநாடிக்கு 10 படம் எடுக்கிற கேமராவா இருந்தா, ஒரு படம் அதுக்குள்ள விழுந்தே தீரும். 2014-ல வந்த கேனன் 7டி மார்க் 2 விநாடிக்கு 10 எடுக்கும். 2016-ல வந்த நிக்கான் டி500-ம் அப்படித்தான். இது ஒண்ணும் என் கண்டுபிடிப்பு இல்ல. பாடிக்குள்ளயே ஆட்டோஃபோகஸ் வெச்சு நல்லா வித்த முதல் எஸ்.எல்.ஆர்., மினோல்டா 7000, வந்ததே 1985-ல. அதுக்கு முன்னாடி ஸ்போர்ட்ஸ் போட்டோ எடுத்தவங்க எல்லாம் கையால ஃபோகஸ் வெச்சவங்கதான்.

நம்ம பக்கத்து ஆளுங்களுக்கு இதை இன்னும் சுலபமா சொல்லலாம். பொங்கல் முடிஞ்சதும் ஆத்தூர் பக்கம் கூலமேட்டுல ஜல்லிக்கட்டு, நாமக்கல் மாவட்டத்துல எருமப்பட்டி பக்கம் பொட்டிரெட்டிப்பட்டியில ஜல்லிக்கட்டு. அங்க படம் எடுக்கிற பழைய ஆளுங்க காளையைத் துரத்திக்கிட்டு லென்ஸைத் திருப்பமாட்டாங்க. வாடிவாசல் கட்டைக்கு ரெண்டடி முன்னாடி மண்ணுல ஃபோகஸை வெச்சுட்டுக் காத்திருப்பாங்க. இருட்டான வாடிக்குள்ள இருந்து காளை வெளிச்சத்துல பாயுற அந்த ஒரு கணம்தான் படம். அதுலயும் கேமராவுக்கு முன் அளவு எதுவும் கிடைக்காது. மண்மேடும் வாடிவாசலும் ஒரே கணக்குதான்.

இன்னொரு விஷயம், இதை ரிவியூக்காரங்க யாரும் சொல்றதில்ல. நாம பார்க்கிற பெரிய ரிவியூ எல்லாம் மேகம் மூடின ஊர்ல இருந்தோ, ராத்திரி ஸ்டேடியத்துல இருந்தோ வருது. அவங்களுக்கு எஃப் 2.8 லென்ஸ் கட்டாயம் வேணும், வெளிச்சம் பத்தாது. நம்ம சேலம் நாமக்கல் வெயிலைப் பத்தி உங்களுக்கு நான் சொல்லணுமா? பழைய ஃபிலிம் காலத்துக் கணக்குப்படி, நல்ல வெயில்ல ஐ.எஸ்.ஓ. 100-க்கு எஃப் 16, 1/100. அதையே மாத்திப் போட்டா எஃப் 8, 1/1000, ஐ.எஸ்.ஓ. 250. ஐ.எஸ்.ஓ. 250-ல பத்து வருஷப் பழைய கேமராவும் சுத்தமான படம் தரும். அந்தத் தம்பியோட 70-300 லென்ஸ் எஃப் 8-ல நல்லாவே வேலை செய்யும். லட்ச ரூபாய் லென்ஸ் எதை விலைக்கு விக்குதோ, அதை சூரியன் நமக்கு ஓசியில கொடுக்குது. மத்தியானம் 12 மணிக்கு ஹெல்மெட் நிழல்ல முகம் கறுத்துப் போகும்ங்கறது மட்டும்தான் தொல்லை. காலையில 9 மணிக்கு முன்னாடி, சாயங்காலம் 4-க்கு மேல எடுங்க.

பக்கவாட்டுல போற வண்டியை கேமராவோடவே திருப்பி எடுக்கிற படத்துக்கு, பேனிங்னு சொல்வாங்களே, அதுக்கு ஆட்டோஃபோகஸ் வேலையே ரொம்பக் கம்மி. உங்களுக்கும் வண்டிக்கும் நடுவுல தூரம் பெருசா மாறாது. 1/125 வெச்சு இடுப்பைத் திருப்பணும், அவ்வளவுதான். ஆனா அந்த இடுப்பு பழகணும். பைபாஸ் சர்வீஸ் ரோடு ஓரமா பாதுகாப்பான இடத்துல நின்னு ஒரு ஞாயித்துக்கிழமை காலை முழுக்க லாரியா எடுத்துத் தள்ளுங்க. நாமக்கல்காரனுக்கு லாரிக்கா பஞ்சம்? செலவு ஒரு டீ, ரெண்டு வடை. (கொல்லிமலை 70 கொண்டை ஊசி வளைவுல நின்னு ஃப்ரெண்ட்ஸை வேகமா வரச்சொல்லி எடுக்கிற வேலை மட்டும் வேண்டாம். அது ரேஸ் டிராக் இல்ல, எதிர்ல பஸ் வரும்.)

இப்போ பணத்துக்கு வருவோம்.

1,80,000 ரூபாய், வருஷத்துக்கு 16 சதவீத வட்டி, 24 மாசம். மாசத் தவணை 8,813. மொத்த வட்டி சுமார் 31,500. கிரெடிட் கார்டு இ.எம்.ஐ.யா இருந்தா அந்த வட்டி மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி., இன்னொரு 5,700. ஆக 37,000 ரூபாய் கூடுதல். தம்பியோட சம்பளத்துல 28 சதவீதம் ரெண்டு வருஷத்துக்கு இதுக்கே போகும். வீட்டுக்கு மாசம் 10,000 அனுப்பறார், அவசரத்துக்குன்னு தனியா பணம் எதுவும் இல்லன்னும் அவரே எழுதியிருக்கார்.

"நோ காஸ்ட் இ.எம்.ஐ. இருக்கே அண்ணா"ன்னு கேப்பீங்க. ஜீரோ சதவீத வட்டின்னு ஒண்ணு கிடையவே கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பர்லயே வங்கிகளுக்கு எழுதிடுச்சு. வட்டியைத் தள்ளுபடின்னு ஒரு பக்கம் காட்டி, இன்னொரு பக்கம் வாங்கிக்கறாங்க. அந்த வட்டிக்கான ஜி.எஸ்.டி. உங்க தலையில. பிராசஸிங் ஃபீஸ் தனி. மொத்தமா காசு கொடுத்திருந்தா கடைக்காரர் குறைச்சிருக்கக்கூடிய தொகையும் போச்சு. பில் போடறதுக்கு முன்னாடி ரெடி கேஷ் விலை என்னன்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. உங்க நோ காஸ்ட்டோட காஸ்ட் அங்கேயே தெரிஞ்சுடும்.

வாடகைக்கு எடுத்தா? சேலத்துல கல்யாண போட்டோகிராபர்களுக்குன்னே கேமரா, லென்ஸ் வாடகைக்குக் கிடைக்குது. விலை கடைக்குக் கடை மாறும், நான் கணக்குக்கு ஒரு நாளைக்கு 2,500 வெச்சுக்கறேன். நேர்மையா ஒப்பிடணும்னா வாங்கின கேமராவைப் பின்னாடி வித்தா வர்ற பணத்தையும் கழிக்கணும். 1,80,000-க்கு வாங்கி 4 வருஷம் கழிச்சு 60,000-க்கு வித்தா, வருஷத்துக்கு 30,000 செலவு. வட்டி 37,000-ஐயும் சேர்த்தா வருஷத்துக்கு 39,000 சொச்சம். அதை 2,500-ஆல வகுத்தா 16 நாள். அதாவது வருஷத்துக்கு 16 நாளுக்கு மேல அந்தக் கேமரா உங்களுக்கு வேணும்னா வாங்கறது லாபம். அதுக்குக் கீழன்னா வாடகைதான். தம்பி போன வருஷம் போன போட்டி மொத்தம் 5.

வாரக் கடைசியில கல்யாண வேலைக்கும் போறவரா இருந்தா இந்தக் கணக்கு தலைகீழா மாறும், அதையும் சொல்லிடறேன். வைகாசி, ஆவணி முகூர்த்தத்துலயே 16 நாள் தாண்டிடும். அப்போ அது சம்பாதிக்கிற கருவி. அந்த வருமானத்தை ரிட்டர்ன்ல காட்டணும்ங்கறதை மட்டும் மறந்துடாதீங்க, சம்பளத்துல டி.டி.எஸ். பிடிச்சுட்டாங்கன்னு விட்டுடக்கூடாது.

"ரைடர்ஸுக்குப் படம் வித்து இ.எம்.ஐ. கட்டிடுவேன்"னு தம்பி எழுதியிருந்தார். இதைத்தான் நான் ஒத்துக்கல. ஒரு படம் 300 ரூபாய்னு வெச்சாலும் மாசத் தவணைக்கு 30 படம் விக்கணும். போட்டி மாசாமாசம் வராது, தவணை மாசாமாசம் வரும். நம்ம ஊர்ல ரேஸ் ஓட்டற பையன் டயருக்கும் பெட்ரோலுக்குமே கைக்காசு போடறான். பாலக்காட்டு மாவட்டம் ஷொர்ணூர்ல இருந்து வந்து, சூப்பர்கிராஸ்ல தேசிய சாம்பியனாகி, 2024 டக்கார் ராலியில ரேலி 2 பிரிவையே ஜெயிச்ச ஹரித் நோவா பேரு எத்தனை பேருக்குத் தெரியும்னு உங்க ஆபீஸ்ல கேட்டுப் பாருங்க. விளையாட்டோட சந்தை இன்னும் அவ்வளவுதான். வளருது, 2024-ல இந்தியன் சூப்பர்கிராஸ் ரேசிங் லீக் ஆரம்பிச்சு புனே, அகமதாபாத், பெங்களூருன்னு நடத்தினாங்க. ஆனா அங்க பிட்டுக்குள்ள நின்னு எடுக்கிற இடம் பாஸ் இருக்கிறவங்களுக்கு. கேலரியில டிக்கெட் வாங்கிட்டு நிக்கிற நாம கடனை அதை நம்பி வாங்க முடியாது.

புதுசு மேல இன்னொரு எச்சரிக்கை. விநாடிக்கு 30 படம்னு விளம்பரம் பார்த்திருப்பீங்க. நடுத்தர விலை மிரர்லெஸ்ல அது பெரும்பாலும் எலக்ட்ரானிக் ஷட்டர். சென்சார் மேல இருந்து கீழ வரிவரியா மெதுவா படிக்கும். அதுக்குள்ள சக்கரம் நகர்ந்துடறதால, வட்டமான சக்கரம் படத்துல நம்ம நாமக்கல் முட்டை மாதிரி வரும். இந்தக் குறையே இல்லாத குளோபல் ஷட்டர் கேமரான்னா சோனி ஏ9 3 மாதிரி போகணும். 2023-ல அது அறிமுகமானப்போ பாடி மட்டும் 5,999 டாலர். 1,80,000-க்கு வாங்கினவர் கடைசியில மெக்கானிக்கல் ஷட்டருக்கே திரும்பி வருவார். அப்போ வேகம் அந்தப் பழைய டி500 பக்கத்துலதான் நிக்கும்.

அந்த டி500, 7டி மார்க் 2 எல்லாம் இப்போ செகண்ட் ஹேண்ட்ல இறங்கிக் கிடக்கிறதுக்குக் காரணம் அது கெட்ட கேமராங்கறதால இல்ல. கம்பெனிங்க டி.எஸ்.எல்.ஆரை விட்டுட்டு மிரர்லெஸுக்குப் போயிட்டாங்க, ஊரே பின்னாடி போகுது. எல்லாரும் விக்கும்போது வாங்கறதுன்னு ஷேர் மார்க்கெட் வீடியோவுல சொன்னா லைக் போடறீங்க, கேமராவுல மட்டும் புதுசு கேக்கறீங்க. வாங்கும்போது ஷட்டர் எத்தனை தடவை அடிச்சிருக்குன்னு பாருங்க. ரெண்டுக்குமே கம்பெனி சொன்ன ஆயுள் 2 லட்சம். கல்யாண ஆளு கையில இருந்து வந்ததா இருந்தா அதுல பாதியாவது ஓடியிருக்கும். லென்ஸை டார்ச் அடிச்சுப் பாருங்க, உள்ளே நூல் நூலா பூஞ்சை தெரிஞ்சா எவ்வளவு கம்மி விலைக்கும் வேண்டாம். நானே ஒரு தடவை இதைப் பார்க்காம வாங்கி, பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். சொன்னா வெக்கக்கேடு.

தம்பிக்கு நான் எழுதின பதில் இவ்வளவுதான். அடுத்த மூணு போட்டிக்கு அதே கேமரா. ஷட்டரை 1/1000-க்குக் கீழ இறக்காதீங்க, பேனிங்குக்கு மட்டும் இறக்குங்க. ஃபோகஸை ஷட்டர் பட்டன்ல இருந்து எடுத்துப் பின்பக்க பட்டனுக்கு மாத்துங்க. புழுதி குறுக்க வந்தா ஃபோகஸ் உடனே தாவாம இருக்க டிராக்கிங் செட்டிங்கை மந்தமா வையுங்க. வளைவோட வெளிப்பக்கம் நிக்காதீங்க, கன்ட்ரோல் போன வண்டி நேரா அங்கதான் வரும். வருஷத்துக்குச் சில நூறு, அதிகபட்சம் ஓராயிரம் பக்கம் பிரீமியத்துல ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி எடுங்க, ரேஸ் இடத்துல பார்வையாளரா நின்னா கவர் ஆகுமான்னு எழுத்துல கேட்டு வாங்குங்க. கெட்டுப்போன படத்தை அழிக்காதீங்க. வீட்டுக்கு வந்து நாலு ஃபோல்டர் போடுங்க: ஷட்டர் தப்பு, புள்ளி தப்பு, நின்ன இடம் தப்பு, கேமராவால முடியல. நாலாவது ஃபோல்டர் மத்த மூணையும் விடப் பெருசானா, ஒரு நாள் நல்ல மிரர்லெஸ்ஸை வாடகைக்கு எடுத்து அதே மேட்டுல நில்லுங்க. அப்புறம் பேசலாம். அதுவரைக்கும் அந்த 8,813-ஐ மாசாமாசம் ஒரு ஆர்.டி.யில போடுங்க. தவணை கட்ட முடியும்னா இதையும் போட முடியணும். முடியலன்னா தவணையும் முடியாதுன்னு ரெண்டாவது மாசமே தெரிஞ்சுடும்.

நேத்து பதில் வந்தது. ஆர்.டி. 5,000-க்குத்தான் ஆரம்பிச்சிருக்காராம், அதுக்கு மேல வீட்டுச் செலவு இடிக்குதாம். பொங்கலுக்குக் கூலமேட்டுக்குப் பழைய கேமராவோட வர்றேன்னு சொல்லியிருக்கார். வாடிவாசலுக்கு எத்தனை அடி தூரத்துல கேலரி இருக்கும்னு கேட்டிருக்கார். அது எனக்கும் ஞாபகம் இல்ல, போய்த்தான் பார்க்கணும்.